உப்புத் தின்ற கார்

எங்கள் கார் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு மாடு பூட்டி வந்து சேர்ந்தது. முன்னால் கயிறு கட்டி இரண்டு எருதுகள் இழுத்து வந்தன. டயருக்குள் காற்றுக்குப் பதிலாக வைக்கோல் திணித்திருந்தார்கள். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து வந்தவன் என் புருஷன் வீட்டுப் பண்ணையாள். எங்கள் ரைஸ்மில் வாசலில் வண்டி நின்றதும் இறங்குவதற்காகக் கதவைத் திறந்தான். கதவின் கீழ்ப்பாதி கழன்று அவன் காலடியில் விழுந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. தொட்டேன், வந்துடுச்சு" என்றான்.

நெல் அரைக்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் எல்லாவற்றையும் வேறு இருவருக்காக வைத்திருந்தேன்.

அந்தக் காரை என் கல்யாணச் சீராக அப்பா வாங்கினார். திருச்சியில் ஒரு வக்கீல் வைத்திருந்த வண்டி. கறுப்பு நிறம், பின்னால் அகலமான சீட்டு, இரண்டு பக்கமும் ஏறி இறங்கப் படி. மாப்பிள்ளை வீட்டார் பெரம்பலூர்க் கடைத்தெருவில் கடலை மண்டி வைத்திருந்தார்கள். முன்னால் மண்டி, பின்னால் வீடு. கார் வேண்டும் என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. "எங்க பையனுக்கு மோட்டார்னா உசுரு" என்று மட்டும் என் மாமியார் நாலு பேர் நடுவில் சொன்னார். அப்பாவுக்கு அது போதும்.

மோட்டார் அவருக்கு உயிர் என்பது உண்மைதான். முதல் வருஷம் விடியற்காலையில் என்னை எழுப்பித் துறையூர் ரோட்டுக்கு அழைத்துப் போவார். ஆள் நடமாட்டம் இருக்காது. என்னை ஸ்டியரிங்குக்கு முன் உட்கார வைத்து, பக்கத்திலிருந்து கியர் போடச் சொல்லிக் கொடுப்பார். நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். நான் வளர்ந்ததே மில்லின் எஞ்சின் ரூமில்தான். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை, கேட்ட ஸ்பேனரைப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பேன். "ஆம்பள மாரி ஓட்டறியே" என்று என் புருஷன் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு எவ்வளவோ தடவை வெறுக்கப் பார்த்தேன். அது ஒன்று மட்டும் ரொம்ப நாள் முடியவில்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வைத்தார்கள். காரை மண்டிக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தள்ளி நிறுத்தினார்கள். என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்ற பேச்சும் அதே சமயத்தில்தான் வீட்டில் ஆரம்பித்தது.

அப்பா திடீரென்று இறந்தார். கருமாதிக்காக அரியலூருக்குப் போனவள் காரியம் முடிந்து அம்மாவோடு பெரம்பலூருக்குத் திரும்பினேன். வாசலில் புதுசாக மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. உள்ளே என் அறையில் ஒரு பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் என் அம்மாவிடம், "உங்க வூட்டுல எழவு. நல்ல காரியத்துக்கு உங்களக் கூப்புட முடியல" என்றார். நாங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்கு வந்து நின்றோம்.

என் அம்மாவின் அண்ணன்தான் அதற்குப் பிறகு மில்லைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் நிதானம். பஞ்சாயத்துக் கூட்டவே அவருக்கு வருஷம் இரண்டு பிடித்தது. வாலிகண்டபுரம் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். என்னைத் திரும்ப அனுப்பும் எண்ணம் எங்கள் பக்கம் இல்லை, என்னை அழைத்துக்கொள்ளும் எண்ணம் அவர்களுக்கும் இல்லை. சீராகப் போன சாமான்களைத் திருப்பித் தரவேண்டும் என்று முடிவாயிற்று. பாத்திரங்கள் வரும், கட்டில் வரும், கார் வரும் என்று பெரியவர்கள் சொன்னபோது என் மாமியார் எழுந்து நின்றார்.

"தாராளமா எடுத்துட்டுப் போவட்டும். இவளும் அந்தக் காரும் ஒண்ணுதான். வெளிய பாத்தா பளபளப்பு. உள்ளாற ஒண்ணும் கெடையாது."

மண்டபத்தில் இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். என் புருஷன் சிரிக்கவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மாமியாருடைய சொல்லைவிட அவர் சுண்ணாம்பு தடவிய அந்த நிதானம்தான் எனக்குள் போய் உட்கார்ந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அழுதாள். நான் அழவில்லை. அந்தக் காரை நானே ஓட்டிக்கொண்டு போய் இவருடைய மண்டி வாசலில் நிற்கவேண்டும் என்று நினைத்தேன். அப்போது வண்டி என்ன நிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கதவு கழன்று விழுந்த அன்றுதான் தெரிந்தது. யுத்தக் காலத்தில் அவர்கள் உப்பு வியாபாரத்திலும் இறங்கியிருக்கிறார்கள். மூட்டை வைக்க மண்டியில் இடம் போதாமல், காரின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு உள்ளே உப்பு மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். கொட்டகைக் கூரை ஒழுகியிருக்கிறது. உப்பு கரைந்து கரைந்து இரும்புக்குள் இறங்கியிருக்கிறது. பின் மட்கார்டு இரண்டும் கருவாட்டுச் செதில் மாதிரி உரிந்தன. படிகள் கையால் ஒடிந்தன. வண்டியின் முழு எடையையும் தாங்குகிற சேஸ் இரும்பில், பின்பக்கம் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். மறுபக்கம் வந்துவிட்டது.

மாமா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பழைய இரும்புக்காரன் வருவான். போட்டுடலாம் ஆயி."

"நானே சரி பண்றேன் மாமா."

"இத எந்தப் பட்டறையும் தொடமாட்டான்."

"பட்டறைக்கு யாரு போறா? மில்லுல இருக்கற சாமானக் குடுங்க, போதும்."

மாமா என் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "வுட்டுத் தொலை கண்ணு. அவங்க பாவம் அவங்களோட போவட்டும்" என்றாள். எங்கள் வீட்டில் எல்லோரும் அவர்களை ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டிருந்தார்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். எப்போது குடிப்பான் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. தண்ணீரை நானே கொண்டுபோய்க் கொடுக்க நினைத்தேன்.

மில்லுக்குப் பின்னால் உமி கொட்டும் கொட்டகையைக் காலி செய்து காரை உள்ளே தள்ளினோம். முதலில் செய்தது கழுவியதுதான். கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து, இண்டு இடுக்கெல்லாம் ஊற்றினேன். வழிந்த தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்ப்பேன். கரிக்கிறவரை ஊற்றினேன். அது நிற்கப் பல நாள் ஆயிற்று. பிறகு வெயிலில் காயவிட்டு, சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே வந்தேன். உயிருள்ள இரும்பு கணீரென்று பேசும். செத்துப்போனது மண்ணாங்கட்டி மாதிரி தொப்பென்று சொல்லும். தொப்பென்று சொன்ன இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டேன். போட்டு முடித்துப் பார்த்தால் பாதிக் கார் கோட்டுக்குள் இருந்தது.

உளி வைத்து வெட்டி எடுத்தேன். வெட்ட வெட்டத் துரு சிவப்புப் பொடியாகக் கொட்டியது. முகத்தில், மயிரில், வெற்றிலை போட்டவள் மாதிரி உதட்டில்கூட ஒட்டியது. மாமா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். "இவ்வளவு ஏன் வெட்டற? மெழுகு வெச்சு அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சுட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியும். மூடி வைத்தால் துரு உள்ளே தின்றுகொண்டேதான் இருக்கும். நல்ல இரும்பு வருகிறவரை வெட்டியாக வேண்டும். அதோடு, என் புருஷன் வாசலில் போய் நிற்கும்போது அது பூசி மெழுகிய வண்டியாக இருக்கக் கூடாது. வெளியே பளபளப்பு, உள்ளே ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல் பொய்யாக வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

சேஸுக்கு, மில்லில் பழைய ஷாஃப்ட்டைத் தாங்கிக்கொண்டிருந்த, மூன்று பக்கம் மடிந்த சேனல் இரும்பு கிடைத்தது. அதை அளவுக்கு அறுத்து, அழுகிய பகுதிக்குள் நுழைத்து, முன்னும் பின்னும் நல்ல இரும்போடு போல்ட் போட்டு முடுக்கினேன். கையால் சுற்றுகிற டிரில்தான். ஒரு துளை போடுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். மட்கார்டுக்கும் வண்டியின் தரைக்கும் ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன தார் பீப்பாய்களை வெட்டித் தட்டி நிமிர்த்திய தகடு. மண்ணெண்ணெய் டின் மெலிசு, அது ஆகாது. பெட்ரோல் டாங்கியில் ஊசி ஊசியாக ஓட்டைகள். தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவரிடம் ஈயமும் நவச்சாரமும் வாங்கி வைத்துக்கொண்டு, டாங்கியைக் கொதிநீர் விட்டுக் கழுவி, வெயிலில் வைத்து வைத்து எடுத்து, வாசனை சுத்தமாகப் போன பிறகு ஒவ்வொன்றாக அடைத்தேன். அன்று மட்டும் அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்து சாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

தகட்டை ரிவிட் ஆணி அடித்துத்தான் பிடிக்கவேண்டும். ஆணியைச் செருகி ஒருவர் கீழிருந்து கனமான இரும்பை முட்டுக் கொடுக்க, இன்னொருவர் மேலிருந்து தட்ட வேண்டும். இரண்டு ஆள் வேலை. வேறு வழியில்லாமல் அம்மாவைக் கூப்பிட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முணுமுணுத்தபடி வண்டிக்கு அடியில் போய் முட்டுக் கொடுத்தாள். நான் மேலே தட்டினேன். ஒவ்வொரு ஆணிக்கும் ஓர் ஆளை நினைத்துக்கொள்வேன். மண்டபத்தில் சிரித்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருந்தது.

ஒருநாள் அம்மா அடியிலிருந்து வெளியே வந்தாள். "நீ போய் அடியில புடி. நான் அடிக்கறேன்" என்றாள்.

நான் கீழே படுத்து முட்டுக் கொடுத்தேன். மேலிருந்து அடி விழுந்தது. என் பற்கள் அதிர்ந்தன. இன்னொன்று, இன்னொன்று.

"போதும்மா. ஆணித் தலை சப்பையாயிடுச்சு."

"எனக்குப் போதல" என்றாள் அம்மா. அடுத்த ஆணிக்கு நகர்ந்தாள். "கருமாதி முடிஞ்ச கையோட வந்தவளுக்கு வாசல்ல தோரணம் காட்டுனாளே. கட்டுன மனுசன் செத்த துக்கம் எனக்கு. என்னைப் பாத்து எழவுன்னாளே." அடித்தாள். அதற்குப் பிறகு ஆண்டவன், பாவம் என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை. காலையில் எனக்கு முன்னால் கொட்டகைக்குப் போய் நிற்க ஆரம்பித்தாள்.

உட்புறம் எல்லாவற்றுக்கும் செந்தூர நிறத்தில் ஈயப் பெயிண்ட், அதற்குமேல் கறுப்பு. எஞ்சினில் உப்பு ஏறவில்லை. மண்ணெண்ணெயும் எண்ணெயும் ஊற்றி ஊறவைத்து, கைப்பிடியைப் போட்டுச் சுற்றியதில் ஒருநாள் உறுமிக்கொண்டு கிளம்பியது. யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட டயர்களை மாமா திருச்சியிலிருந்து கொண்டுவந்தார். பெட்ரோல் கூப்பனும் அவர்தான் எங்கெங்கோ கேட்டு வாங்கினார். "எங்க போகப் போற?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவருக்கும் உள்ளே ஆசை இருந்திருக்க வேண்டும்.

பெரம்பலூர்ச் சந்தை நாளாகப் பார்த்துக் கிளம்பினேன். அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து, பலகை போட்டுப் புதுசாகச் செய்திருந்த பின்சீட்டில் ஏறினாள்.

"நீ எதுக்கும்மா?"

"நான் அடிச்ச ஆணி மேல நான் ஒக்காந்து வரேன். வண்டிய எடு."

ஊர் எல்லையில் நின்ற போலீஸ்காரர், யாரோ ஆபீசர் வீட்டம்மா என்று நினைத்து எங்களுக்கு சல்யூட் அடித்தார். வழியெல்லாம் நான் பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாதக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக வைத்திருந்த பேச்சு அது.

மண்டி வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். சந்தைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு பெண்பிள்ளை ஓட்டி வந்த கார் என்பதற்காகப் பாதிப் பேர், அது எந்தக் கார் என்று தெரிந்ததால் பாதிப் பேர் சுற்றிக்கொண்டார்கள். என் புருஷன் வெளியே வந்தார். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார். குனிந்து மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார். ரிவிட் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"யாரு பாத்தா இத?"

"நானும் எங்கம்மாவும்."

அவர் சிரித்தார். அதே பழைய சிரிப்பு. அதற்குள் மாமியாரும் வெளியே வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். குரலை இறக்கி, "சரி, வந்தது வந்துட்ட. வண்டியக் கொட்டாயில வுடச் சொல்லு. நீயும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போ. நாங்க என்ன வேண்டாம்னா சொல்றோம்" என்றார்.

நான் தயார் செய்திருந்த பேச்சு முழுவதும் மறந்துபோயிற்று. வாயில் வந்தது இதுதான்.

"எங்கிட்ட கொறைன்னு இன்னொருத்தியக் கொண்டாந்தீங்க. மூணு வருசமாச்சு. அவளுக்கும் ஒண்ணும் காணோம். இன்னும் எத்தினி பேரக் கொண்டாந்து பாக்கப் போறீங்க? ஓட்டை எங்க இருக்குன்னு தட்டிப் பாத்துட்டு அப்புறம் வெட்டுங்க."

சந்தை சிரித்தது. மண்டபத்தில் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. என் புருஷன் முகம் கறுத்தது. அதைக் கண் நிறையப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வாசற்படியில் வந்து நின்றாள். என்னைவிடச் சின்னவள். கையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அவளையும் சேர்த்துத்தான் நான் அத்தனை நாளும் வெறுத்துவந்தேன். இறங்கி நேராக என் ஜன்னல் ஓரம் வந்தாள்.

"அக்கா, இந்த வண்டி ஆண்டிமடம் வரைக்கும் போவுமா?"

ஆண்டிமடம் அவள் பிறந்த ஊர். "எதுக்கு?" என்றேன்.

"கார்த்திகையில இன்னொருத்தியப் பேசி முடிக்கறாங்க. எனக்கும் கொறையாம்."

"உள்ள போடீ" என்று மாமியார் கத்தினார். என் புருஷன் ஓர் அடி முன்னால் வந்தார்.

அவள்மேல் இரக்கப்பட்டு ஏற்றினேன் என்று சொன்னால் அது பொய். காரைக் காட்டி அவரை எரிக்க வந்தேன். அதைவிட நன்றாக எரிக்கக்கூடியது என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கதவைத் திறந்தேன். அவள் மாற்றுப் புடவைகூட எடுக்காமல் ஏறி உட்கார்ந்தாள். அவர் வந்து கதவைப் பிடிப்பதற்குள் கியரைப் போட்டேன். அவரே சொல்லிக்கொடுத்த மாதிரி, உலுக்கல் இல்லாமல், வண்டி நகர்ந்தது.

ஊரைத் தாண்டினோம். பிறகு அவள், "உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்க்கா" என்றாள். "மழையில உப்பு கரையுது, வண்டி பாழாப் போவுதுன்னு நான் ஒருதரம் அத்தைகிட்ட சொன்னேன். தெரிஞ்சுதான் போட்டிருக்கேன், கெடக்கட்டும்னாங்க. அவரும் அங்கதான் இருந்தாரு."

அவரும் அங்கேதான் இருந்தார். மோட்டார் என்றால் உயிர் என்றவர். அதைக் கேட்ட பிறகு, துறையூர் ரோட்டுச் சிரிப்பையும் வெறுக்க முடிந்தது. மனசு லேசாயிற்று.

அரியலூரில் நிறுத்திச் சோறு போட்டோம். அம்மா அவளுக்குப் பரிமாறினாளே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுபடி கிளம்பி உடையார்பாளையம் தாண்டி ஆண்டிமடம் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவள் அப்பா முந்திரித் தோப்பிலிருந்து ஓடிவந்தார். நான் யார் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், என்ன சொல்வதென்று தெரியாமல். "டிரைவர்" என்றேன்.

கார்த்திகையில் கல்யாணம் நடக்கவில்லை. பெண் பேசியிருந்த வீட்டார் பின்வாங்கினார்கள். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் யாரும் அவருக்குப் பெண் கொடுக்கவில்லை. சந்தையில் நான் சொன்னது எனக்கு முன்னால் எல்லா ஊருக்கும் போய்விட்டிருந்தது. பழிவாங்கினால் மனசு கசக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கசக்கவில்லை. ரொம்ப நாள் இனித்தது. அந்தப் பெண் வருஷா வருஷம் பருவத்தில் ஒரு பை முந்திரிப் பருப்பு கொடுத்தனுப்புவாள். அவளை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. பருப்பை வறுத்துத் தின்றோம்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் படிக்குக் கீழே மறுபடி துரு தலைகாட்டியது. உப்பு ஒருமுறை நுழைந்துவிட்டால் முழுக்க வெளியேறாது. ஒரு காலைப்பொழுது நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கொட்டகை வாசலில் இரண்டு கால்கள் வந்து நின்றன. வெடித்த குதிகால், செம்மண் புழுதி. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த கால்கள். அந்தக் கால்களை நான் நாலு வருஷம் தினமும் விழுந்து கும்பிட்டிருக்கிறேன். எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

"ஏ ஆயி" என்றார் என் மாமியார். "அவன் சரியாச் சாப்புடறதில்ல. மண்டியத் தொறக்கறதில்ல. ஊருல தல காட்ட முடியல. நீ வர வேணாம். சந்தையில அன்னிக்கிச் சொன்னது கோவத்துல சொன்னதுன்னு ஒரு வார்த்தை நாலு பேருகிட்ட சொல்லு, போதும்."

அம்மா எங்கிருந்தோ, "மோரு குடிக்கறீங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது. மாமியார் அதைக் காதில் வாங்காமல் எனக்காகக் காத்திருந்தார்.

நான் வெளியே வரவில்லை. அந்த இடத்தில் இன்னும் நல்ல இரும்பு வரவில்லை. சுரண்டிக்கொண்டே இருந்தேன். துரு என் கழுத்தில் கொட்டியது. கால்கள் கொஞ்ச நேரம் நின்றன, ஒன்று மாற்றி ஒன்றாக எடையை மாற்றின, பிறகு திரும்பி பஸ் நிற்கும் பக்கமாக நடந்தன.